வேற்றுமுகம் பார்க்காத பிள்ளை

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய வீடியோ பார்த்தேன். பூங்காவில் யாரோ ஒரு அம்மா கை நீட்டியதும் குட்டி அவர் மடியில் ஏறி உட்கார்ந்து கம்மலைப் பிடித்து இழுக்கிறாள், நீ எங்கே நிற்கிறாய் என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வேற்றுமுகமே கிடையாது, சமத்து என்று சித்தி, அத்தை எல்லாரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது.

நீங்கள் தத்தெடுக்கும் முன், இரண்டு வயது வரை குழந்தைகள் இல்லத்தில், ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறுகிற ஆயாக்களிடம் வளர்ந்தவள். இவர்தான் என் ஆள் என்று ஒருவரைப் பிடித்துக்கொள்ள வழியில்லாமல் வளரும் சில பிள்ளைகள் இப்படி யாரோடும் ஒட்டிக்கொள்ளும். வேறு சில பிள்ளைகள் விழுந்து முட்டி சிராய்த்தாலும் யாரிடமும் ஓடி வராது, தூக்கினாலும் தேறாது, சிரிப்பது அபூர்வம். அது ஆட்டிசம் போலவும் தெரியும், பிரித்துச் சொல்ல டாக்டர்தான் வேண்டும். முன்பு இரண்டையும் ஒரே கோளாறின் இரு வகைகள் என்றார்கள், மனநலக் கோளாறுகளைப் பட்டியலிடும் அமெரிக்கக் கையேட்டின் 2013-இல் வந்த பதிப்பான டிஎஸ்எம்-5-இல்தான் தனித்தனிக் கோளாறுகளாகப் பிரித்தார்கள்.

ருமேனியாவில் சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் ஆட்சி 1989-இல் விழுந்தபோது இல்லங்களில் அடைந்து கிடந்த பிள்ளைகள் எக்கச்சக்கம். பிறகு அந்நாட்டுத் தலைநகர் புக்கரெஸ்டின் இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பிப் பல வருடம் கவனித்தார்கள். ஒதுங்கிப்போகும் குணம் குடும்பத்துக்கு வந்ததும் நன்றாகவே குறைந்தது, கண்டவரிடமும் போகும் குணம் அவ்வளவு சுலபத்தில் போகவில்லை. இதை உனக்கு ஏன் சொல்கிறேன் என்றால், நாள் ஆகும்போது 'என் பாசம் போதவில்லையோ' என்று நீ உருகிப்போகக் கூடாது.

சில பிள்ளைகள் இயல்பிலேயே கலகலப்புதான், குட்டியும் அப்படி இருக்கலாம். ஆனால் தெரியாத ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு கடையை விட்டே வெளியே போனாள் என்றாயே, அதற்கு மேல் நாம் சும்மா இருக்க வேண்டாம். உங்கள் பெங்களூரில் இருக்கிற நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலேயே குழந்தைகள் மனநலப் பிரிவு இருக்கிறது, போய்க் காட்டு. பிள்ளையை இறுக்கிப் பிடித்து அடக்கிப் பாசத்தை வரவழைக்கிறோம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதே, அந்த மாதிரி சிகிச்சையில் வெளிநாட்டில் பிள்ளைகள் செத்தே போயிருக்கிறார்கள்.

கொஞ்ச காலத்துக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் நீயும் மாப்பிள்ளையும் மட்டும்தான். அழுதால் மற்றவர்கள் தூக்க வேண்டாம். அத்தை கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன். அப்புறம், டாக்டரைப் பார்க்கத் தேதி கிடைத்ததும் சொல், நான் வந்து சமையல், துணி எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா