புது ஆராய்ச்சி மையம் திறக்குறதுக்கு முன்னாடி ஒரு டெக்னீஷியன் போஸ்ட் போடுங்க

தமிழ்நாட்டு அரசு பல்கலைக்கழகங்களோட துணைவேந்தர்களுக்கும் சிண்டிகேட் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் நம்ம மாநிலத்துல ஒரு அரசு பல்கலைக்கழகத்துல மைக்ரோபயாலஜில பிஎச்டி முடிச்சவன், இப்ப ஒரு காலேஜ்ல பாடம் எடுக்குறேன். எந்த யுனிவர்சிட்டின்னு சொல்லல, ஏன்னா என் கூட படிச்சவங்க நாலஞ்சு ஊர்ல இருக்காங்க, எல்லாரும் ஒரே கதையத்தான் சொல்றாங்க. அதனால இத உங்க எல்லாருக்கும் சேர்த்தே எழுதுறேன்.

நான் இருந்த மையத்துல ஒரு மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் இருந்துச்சு. மையம் திறந்தப்ப வந்த ஒன்-டைம் கிராண்ட்ல வாங்குனது. மரக்காணம், வேதாரண்யம், தூத்துக்குடின்னு உப்பளம் உப்பளமா போய் மண் எடுத்துட்டு வந்து, அதுல இருந்து பிரிச்ச பாக்டீரியா எல்லாத்தையும் கிளிசரால்ல போட்டு அதுக்குள்ளதான் வெச்சிருந்தோம். எனக்கு முன்னாடி இருந்த ரெண்டு பேச் சீனியர்ஸ் சேத்ததும் அதுலதான். நானூறுக்கு மேல டியூப். அந்த ஃப்ரீசரை பாத்துக்கிட்டவர் லேப் டெக்னீஷியன் அண்ணன் ஒருத்தர். தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு டிஸ்ப்ளேல இருக்குற டெம்பரேச்சரை ஒரு லாங் சைஸ் நோட்டுல எழுதிட்டுத்தான் கிளம்புவார். கரெண்ட் போயி வந்தா அந்த ரூம் ஸ்டெபிலைசர் தானா எடுக்காது, கையால ரீசெட் பண்ணணும், அது அவருக்கு மட்டும்தான் தெரியும். ராத்திரி மழை பெஞ்சு கரெண்ட் போச்சுன்னா வாட்ச்மேனுக்கு போன் போட்டு "ரெண்டாவது மாடி கடைசி ரூம், பச்சை பட்டன், ஒரு தடவை அமுக்கிடுங்கண்ணே"ன்னு சொல்லுவார், நானே பக்கத்துல இருந்து கேட்டிருக்கேன்.

அவர் ரிட்டயர் ஆனார். போஸ்ட் நிரப்பல. ஹெச்ஓடி மூணு தடவை நோட் போட்டாங்க, ஃபைல் ஃபைனான்ஸ் செக்ஷன் தாண்டி போகவே இல்ல. அடுத்த பொங்கல் லீவுல நாலு நாள் டிபார்ட்மென்ட் பூட்டியிருந்துச்சு, நடுவுல எப்பவோ கரெண்ட் போயி வந்திருக்கு. லீவு முடிஞ்சு காலைல நான்தான் முதல்ல கதவ திறந்தேன். தரையெல்லாம் தண்ணி. ஃப்ரீசர் கதவ திறந்தா ஒரு புளிச்ச வாடை, உள்ள இருந்த அட்டைப் பெட்டி எல்லாம் ஊறி பிஞ்சு, டியூப் எல்லாம் அடில கெடக்கு. உப்புல வாழ்ற பாக்டீரியா கொஞ்சம் கெட்டிதான், பிளேட்ல போட்டு பாத்தோம், பாதிக்கு மேல வளரவே இல்ல. வளர்ந்ததுலயும் நெறைய டியூப்ல மார்க்கர்ல எழுதுனது அழிஞ்சு போச்சு, எது எந்த உப்பளத்துலருந்து வந்ததுன்னு தெரியாத கல்ச்சரை வெச்சு என்ன பேப்பர் எழுத முடியும் சொல்லுங்க. என் ஜூனியர் பொண்ணு ஒருத்தங்க அந்த ரூம் வாசல்லயே உக்காந்து அழுதாங்க, அவங்களுக்கு மூணு வருஷ வேலை போச்சு.

இது நடந்த அதே வருஷம் அதே கேம்பஸ்ல ரெண்டு புது மையம் திறந்தாங்க. ரிப்பன், கல்வெட்டு, குரூப் போட்டோ எல்லாம் ஆச்சு.

புது மையமே வேணாம்னு நான் சொல்லல, அப்படி நினைச்சுடாதீங்க. நம்ம ஊர்ல மையங்கள் எவ்வளவு பெரிய காரியம் பண்ணியிருக்குன்னு எனக்கு தெரியும், அதனாலதான் வயிறு எரியுது. ஜி.என். ராமச்சந்திரன் 1952ல சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு வந்தப்ப அவருக்கு 30 வயசு. அப்ப துணைவேந்தரா இருந்த ஏ. லட்சுமணசுவாமி முதலியார் அவரை நம்பி ஒரு துறையையே கையில குடுத்தார். பக்கத்துலயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், அங்கிருந்து தோல்ல இருக்குற கொலாஜன்ங்கிற புரதத்தோட சாம்பிள் கெடச்சுது. 1954ல கோபிநாத் கர்த்தாவோட சேர்ந்து கொலாஜனோட மும்முறுக்கு அமைப்ப சொன்னாரு, 1963ல ராமகிருஷ்ணன், சசிசேகரனோட சேர்ந்து போட்ட, புரதச் சங்கிலி எப்படியெல்லாம் வளைய முடியும்னு காட்டுற ராமச்சந்திரன் வரைபடம் இன்னிக்கும் உலகத்துல எல்லா பயோகெமிஸ்ட்ரி பாடத்துலயும் இருக்கு. வந்து ரெண்டு வருஷத்துல முதல் ரிசல்ட்! ஆனா முதலியார் 1969ல பொறுப்புலருந்து இறங்கினார், கொஞ்ச நாள்லயே ராமச்சந்திரனும் சென்னைய விட்டு கிளம்பினார், 1971ல பெங்களூர் ஐஐஎஸ்சில மாலிக்யுலர் பயோபிசிக்ஸ் யூனிட் அவர் தலைமைல வந்துச்சு. ஒரு துணைவேந்தரோட நல்ல மனச மட்டும் நம்பி ஒரு மையம் நின்னா, அவர் போனதும் என்ன ஆகும்னு சட்டத்துல எழுதி வைக்க வேணாமா?

பணத்துக்கும் இதே கதைதான். கணித ஆராய்ச்சிக்கான ராமானுஜன் இன்ஸ்டிடியூட்ட 1950ல அழகப்பச் செட்டியார் தன் சொந்தக் காசுல ஆரம்பிச்சார், டி. விஜயராகவன் மாதிரி ஒரு கணித மேதைய டைரக்டரா போட்டார். செட்டியார் கையில பணம் சுருங்குன உடனே இழுத்து மூடுற நெலமை. சிகாகோல இருந்த வானியற்பியல் விஞ்ஞானி எஸ். சந்திரசேகர் நேருவுக்கு லெட்டர் போட வேண்டியதாச்சு. 1957ல சென்னைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கிச்சு, 1967ல கணிதத் துறையோட சேர்ந்து இப்ப இருக்குற வடிவத்துக்கு வந்துச்சு. எல்லா மையத்துக்கும் நேருவுக்கு எழுதுறதுக்கு ஒரு சந்திரசேகர் கெடைக்க மாட்டார்.

இப்ப நடைமுறைல என்ன நடக்குதுன்னா, மெஷின் வாங்க காசு வரும், அத ஓட்ட காசு வராது. மூணு வருஷம் வாரண்டி முடிஞ்சதும் ஏஎம்சி (வருஷ பராமரிப்பு ஒப்பந்தம்) போட ஃபைல் போடுவாங்க, "இதுக்கு பட்ஜெட்ல ஹெட் (செலவுத் தலைப்பு) இல்ல"ன்னு திரும்பி வரும். ஆனா ஒவ்வொரு ப்ராஜெக்ட்லயும் ஃபண்டிங் ஏஜென்சி ஓவர்ஹெட்னு ஒரு தொகை தருது, அது எதுக்கு, இந்த மாதிரி கரெண்ட், மெயின்டனன்ஸ் செலவுக்குத்தான? அது யுனிவர்சிட்டி பொதுக் கணக்குக்குள்ள போனா திரும்பி லேபுக்கு வர்றதே இல்ல. வெளி காலேஜ் பசங்க எங்க மெஷின்ல சாம்பிள் ஓட்ட காசு கட்டுவாங்க, அதுவும் அதே கணக்குதான். ஒரு பியூஸ் வாங்க கூட கொட்டேஷன் வாங்கி, கையெழுத்து வாங்கி, மூணு வாரம். எங்க ப்ராஜெக்ட நடத்துற பேராசிரியர் (பிஐ) பல தடவை சொந்த ஜிபேல பணம் போட்டிருக்காங்க. அதே மாதிரி யூசி, அதாவது வந்த பணத்த எப்படி செலவு பண்ணோம்னு குடுக்குற பயன்பாட்டுச் சான்றிதழ். மார்ச் 31க்கு அப்புறம் ஆடிட் கையெழுத்து லேட் ஆகும், அது போகாம அடுத்த இன்ஸ்டால்மென்ட் வராது, ஜேஆர்எஃப் (ஜூனியர் ரிசர்ச் ஃபெலோ) மாணவருக்கு உதவித்தொகை மாசம் 37,000 ரூபாய்ன்னு ஆர்டர்ல இருக்கும் ஆனா ஹாஸ்டல் மெஸ் பில்லுக்கு பசங்க வீட்டுல கேட்டுக்கிட்டு நிப்பாங்க. டெல்லிலருந்து பணம் வரலன்னு பசங்ககிட்ட சொல்றாங்க, பல நேரம் இங்க ஒரு டேபிள்ல அந்த யூசி ஃபைல் தூங்கிட்டு இருக்கும்.

சரி, என்னதான் வேணும்னு கேட்டீங்கன்னா, பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு மையம் தொடங்க யுனிவர்சிட்டி நிர்வாகக் குழுவான சிண்டிகேட்ல தீர்மானம் வரும்போது, அதே தீர்மானத்துல ஒரு நிரந்தர டெக்னீஷியன் பணியிடமும் இருக்கணும், அது இல்லாம வர்ற தீர்மானத்த திருப்பி அனுப்புங்க. தினக்கூலி, அவுட்சோர்சிங்னு ஆறு மாசத்துக்கு ஒருத்தர் வந்தா அந்த பச்சை பட்டன் யாருக்கும் தெரியாது. ரிட்டயர் ஆகுறவர் போறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே புது ஆள் வந்து கூட இருந்து கத்துக்கணும். ஓவர்ஹெட்லயும் சாம்பிள் கட்டணத்துலயும் ஒரு பங்கு மையத்தோட தனிக் கணக்குல நிக்கணும், டைரக்டரே கையெழுத்து போட்டு எடுக்குற மாதிரி, ஆடிட் தாராளமா பண்ணுங்க. டைரக்டர் பதவிய சீனியாரிட்டிப்படி சுத்தி விடாதீங்க, அந்த வேலைய உண்மையா பண்றவருக்கு அஞ்சு வருஷம் குடுங்க, அவர் வயசு முப்பத்தஞ்சா இருந்தாலும் பரவால்ல.

அப்புறம் மூடுறதப் பத்தியும் பேசணும், இத யாரும் பேச மாட்டாங்க. யுனிவர்சிட்டிகளுக்கு தரம் போடுற நாக் கமிட்டி வரும்போது லிஸ்ட்ல எண்ணிக்கை காட்டுறதுக்காக பேர்ப்பலகை மட்டும் இருக்குற மையம் எல்லா கேம்பஸ்லயும் இருக்கு, பூட்டுல துரு ஏறியிருக்கும். வெளில இருந்து மூணு பேர் வந்து அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கட்டும், உயிர் இல்லாதத வேற துறையோட சேர்த்துடுங்க, அங்க இருக்குற மெஷின், ரூம், போஸ்ட் எல்லாம் ஓடுற மையத்துக்கு வரட்டும். பரங்கிப்பேட்டைல வெள்ளாத்து முகத்துவாரத்துலயே உக்காந்து அண்ணாமலைப் பல்கலைக்கழக கடல் உயிரியல் மையம் இத்தனை வருஷமா வேலை பாக்குதுன்னா, அங்க ஆத்தையும் கடலையும் தினம் போய் பாக்குற ஆளுங்க இருந்ததாலதான். அந்த மாதிரி ஆளுங்கள நிக்க வைக்கிற செலவ வீண் செலவுன்னு நினைக்காதீங்க.

டெக்னீஷியன் அண்ணனோட அந்த லாங் சைஸ் நோட்டு இப்ப என்கிட்டதான் இருக்கு, கிளீன் பண்ணும்போது எடைக்கு போட இருந்தாங்க, நான் கேட்டு வாங்கிட்டேன். மொத்தம் பதினொரு வருஷம். மைனஸ் 79, மைனஸ் 80, மைனஸ் 80ன்னு பக்கம் பக்கமா இருக்கும், கடைசி அட்டைக்கு உள்பக்கம் ஸ்டெபிலைசர் எப்படி ரீசெட் பண்றதுன்னு படம் போட்டே எழுதி வெச்சிருக்கார், நாங்க யாரும் அத திறந்து பாக்கல. உங்க அடுத்த சிண்டிகேட் கூட்டத்துல இந்த விஷயத்த எடுக்குறீங்கன்னா சொல்லுங்க, நோட்ட நானே கொண்டு வந்து காட்டுறேன்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ரிசர்ச் ஸ்காலர்