மூச்சு வாங்கிய நாட்களில் கூட இருந்தவர்களுக்கு

சிகிச்சை தந்த டாக்டர்களுக்கும், வார்டு சிஸ்டர்களுக்கும், மனநல ஆலோசகர் அக்காவுக்கும் வணக்கம்.

சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் இடது நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. முதலில் பார்த்த இடத்தில், "பயந்த சுபாவம், பதற்றம்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவன் என்பதால் நானும் அதை நம்பினேன். டாக்டர், நீங்கள்தான் ஸ்டெதஸ்கோப்பை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டுவிட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னீர்கள். நுரையீரலிலிருந்து காற்று கசிந்து நெஞ்சுக்குள் சேர்ந்ததால், நுரையீரல் பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. அந்த இரண்டு நிமிடக் கவனத்தை நான் மறக்கவே மாட்டேன்.

அந்தக் காற்றை வெளியேற்ற விலாவில் ட்யூப் போட்ட முதல் ராத்திரி, கட்டிலுக்குக் கீழே இருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். குழாயில் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. ஏதோ தப்பாகிறது என்று பயந்து மணியை அழுத்தினேன். "அது உங்க மூச்சுதான் தம்பி, நீங்க இழுக்க இழுக்க அதுவும் அசையுது" என்றீர்கள், சிஸ்டர். அதன் பிறகு அரை மணிக்கொரு தரம் கூப்பிட்டேன். ஒரு தடவைகூட நீங்கள் முகம் சுளிக்கவில்லை.

அக்கா, உங்களிடம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்: என் சுபாவம்தான் நுரையீரலை ஓட்டையாக்கிவிட்டதா? உயரமாக, ஒல்லியாக இருக்கிற இளைஞர்களுக்கு நுரையீரலின் உச்சியில் சின்னக் கொப்புளங்கள் இருக்கலாம், அது உடைந்தால் காற்று கசியும், சிகரெட் அந்த ஆபத்தைப் பல மடங்கு கூட்டும், கவலைப்படுகிற குணம் கொப்புளத்தை உண்டாக்காது என்று பொறுமையாகச் சொன்னீர்கள். அன்றைக்குத்தான் என்னை நானே திட்டிக்கொள்வதை நிறுத்தினேன். சிகரெட்டையும் விட்டுவிட்டேன்.

மறுபடி வருமா என்றும் கேட்டேன். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வரலாம் என்று மறைக்காமல் சொன்னீர்கள். மழுப்பியிருந்தால்தான் இன்னும் பயந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான பயம் பிடித்தது. பையைத் தூக்க பயம், வாய்விட்டுச் சிரிக்க பயம். பதற்றத்திலும் நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும். எது எது என்று தெரியாது. அப்புறம் நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டுதான் கை கொடுத்தது: "முதலில் உட்காருங்கள். மூச்சை மெல்ல விடுங்கள். அடங்காவிட்டாலோ, திடீரென்று குத்தினாலோ, வெட்கப்படாமல் உடனே வாருங்கள்."

அந்தக் கடைசி வரிக்குத் தனியாக ஒரு நன்றி, அக்கா. போன வாரம் ராத்திரி அதை எடுத்துப் படித்தேன். கொஞ்ச நேரத்தில் இறுக்கம் அடங்கியது, தூங்கிவிட்டேன். சீட்டு இன்னும் பர்ஸில்தான் இருக்கிறது.