மண்வள அட்டையில் விடுபட்ட கட்டம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மறுதாம்புக் கரும்பில் (வெட்டிய கட்டையிலிருந்தே மீண்டும் துளிர்க்கவிடும் பயிரில்) விளைச்சல் சரிவது பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரை, ரகத்தையும் உரத்தையும் விரிவாகப் பேசிவிட்டு, மண் இறுகிப்போவதை ஒரே வரியில் கடந்துவிட்டது. எங்கள் பகுதியிலும் மண்ணைப் பற்றிய பேச்சு தழைச்சத்தில் தொடங்கித் துத்தநாகத்தோடு முடிந்துவிடுகிறது. 2015 முதல் வழங்கப்படும் மண்வள அட்டையின் 12 அளவீடுகளும் சத்துகள், கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம் ஆகியவற்றையே காட்டுகின்றன. வேர் இறங்க இடமிருக்கிறதா என்பதற்கு அதில் கட்டமே இல்லை.

ஆண்டுதோறும் பாரம் ஏற்றிய டிரெய்லர் ஏறி இறங்கும் வயலில், கட்டையை ஒட்டி ஒரு முழ ஆழம் வெட்டிப் பார்த்தால் விஷயம் விளங்கும். உழவு பட்ட மேல்மண் பொலபொலவென்று உதிரும். அதற்குக் கீழே மண்வெட்டி இறங்காது, வேர்களும் அந்த மட்டத்தில் திரும்பிப் பக்கவாட்டில் ஓடியிருக்கும்.

கரும்புக்கு உகந்த பரும அடர்த்தி, அதாவது துளைகளையும் சேர்த்து அளந்த உலர்மண்ணின் எடை, கன சென்டிமீட்டருக்கு 1.1 முதல் 1.2 கிராம் என்றும், மணற்பாங்கான நிலத்தில் 1.3 முதல் 1.5 வரை இருக்கலாம் என்றும் சொல்வார்கள். மண் துகளின் அடர்த்தி ஏறத்தாழ 2.65 என்பதால், 1.2 உள்ள மண்ணில் சுமார் 55 விழுக்காடு துளைவெளி. அதே மண் 1.6 ஆக இறுகினால் அது 40 விழுக்காடாகக் குறைகிறது, அதிலும் முதலில் அடைபடுபவை காற்றோட்டத்துக்கும் வடிகாலுக்கும் வழிவிடும் பெரிய துளைகளே. அப்படிப்பட்ட நிலத்தில் யூரியாவைக் கூட்டிப் போட்டு என்ன பயன்?

இறுகிய அடிமண்ணை உடைக்க, ஆழமாகக் கீறும் உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக உழுவது நல்ல பரிந்துரைதான். ஆனால் மண் காய்ந்திருந்தால்தான் இறுகிய தளம் நொறுங்கும். ஈரத்தில் ஓட்டினால் கோடு கிழித்த கதையாகிவிடும். மறுதாம்பு நிற்கும்போது குறுக்கே ஓட்டவும் முடியாது என்பதால், கட்டையை அழிக்கும் ஆண்டை விட்டால் வாய்ப்பில்லை.

ஆகவே வேளாண்மைத் துறைக்கு ஒரு வேண்டுகோள். பரும அடர்த்தியை அளக்க, கொள்ளளவு தெரிந்த ஓர் உருளை, 105 டிகிரி சூட்டில் மண்ணை உலர்த்தும் அடுப்பு, ஒரு தராசு ஆகியவையே போதும்; கரும்பு வட்டாரங்களிலாவது இந்த ஓர் அளவீட்டை, மண்ணின் வகையோடு சேர்த்து, அட்டையில் இடம்பெறச் செய்யலாம். சர்க்கரை ஆலைகளும் வெட்டு உத்தரவு தரும்போது வயலின் ஈரத்தைக் கணக்கில் கொண்டு, மழை பெய்த மறுநாளே அறுவடை இயந்திரத்தையும் டிரெய்லரையும் வயலுக்குள் இறக்காமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கரும்பு விவசாயி,
விழுப்புரம் மாவட்டம்.