நட்டை வெட்டுவதற்கு முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் இப்போதெல்லாம் பைக் வேலை என்றால் ஸ்பானரோடு வந்து நின்றுவிடுகிறாள்.

சரி, உன் பைக்கின் முன் ஸ்ப்ராக்கெட், அதாவது இன்ஜின் பக்கம் செயினை ஓட்டும் பல் சக்கரம், அந்த விஷயத்துக்கு வருகிறேன். அதைப் பிடித்திருக்கும் நட்டு அசையவே இல்லை, கிரைண்டரால் வெட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வேண்டாம். கிரைண்டர் வட்டு கொஞ்சம் ஆழமாகப் போய், ஸ்ப்ராக்கெட் மாட்டியிருக்கும் தண்டான ஷாஃப்ட்டின் மரையில் பட்டுவிட்டால், அந்த ஷாஃப்ட்டை மாற்ற இன்ஜினையே பிரிக்க வேண்டியிருக்கும். நட்டு எதனால் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று முதலில் பார்.

பல வண்டிகளில் நட்டு கழலாமல் பிடிக்கும் தகட்டு வளையமான லாக் வாஷரின் ஓரம் நட்டின் மேல் மடிந்து கிடக்கும். செயின் கிரீஸும் மண்ணும் அப்பி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துப் பார். மடிப்பு தெரிந்தால் உளியால் தட்டி முழுசாக நிமிர்த்திவிடு.

மடிப்பு இல்லை, மரை ஓரத்தில், நட்டு கழலாமல் இருக்கப் போடும் பசை சிவப்பாகக் காய்ந்து தெரிகிறது என்றால், எத்தனை நாள் எண்ணெய் விட்டாலும் பிரயோஜனம் இல்லை. அந்த வகைப் பசை இளக 250 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். ஆனால் பின்னாலேயே இன்ஜின் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் ஆயில் சீல் இருக்கிறது, அவ்வளவு சூட்டை அது தாங்காது. அதனால் ஹீட் கன்னை நட்டின் மேல் மட்டும் காட்டு, புது சீல் ஒன்றையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள். இன்னொன்று, பிரேக் கிளீனர் அடித்த இடத்தைச் சூடாக்காதே. குளோரின் கலந்த கிளீனர் சூட்டில் விஷவாயுவாகும். இதில் அலட்சியம் வேண்டாம்.

வெறும் துருதான் என்றால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடு. இடையிடையே நட்டின் முகங்களில் சுத்தியலால் லேசாகத் தட்டு. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், மரையின் இடைவெளியில் இறுகிவிடும். அந்த அதிர்வில்தான் அது உடைந்து எண்ணெய்க்கு வழிவிடும்.

கழற்றும்போது செயின் வண்டியிலேயே இருக்கட்டும். நீ நியூட்ரலில் வைத்துவிட்டு, ஒருவரை வண்டியில் உட்கார்ந்து பின் பிரேக்கை நன்றாக மிதிக்கச் சொல். கியரில் போட்டு நிறுத்தினால் நீ திருகும் பலம் முழுக்க கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பல் சக்கரங்களின் மேல் விழும். ஆறு மூலை சாக்கெட்டே போடு. பன்னிரண்டு மூலை சாக்கெட் நட்டின் முனையை மழுக்கிவிடும். அடித்து அடித்துத் திருகும் இம்பாக்ட் கன் கிடைத்தால் இன்னும் நல்லது. மரை எந்தப் பக்கம் சுற்றும் என்பதை மட்டும் மேனுவலில் உறுதிசெய்துகொள்.

எனக்கும் இதே மாதிரி ஒன்று வந்தது. பின் சக்கரத்தின் அச்சான ஆக்சில், அந்தச் சக்கரத்தைத் தாங்கும் அலுமினியக் கையான சுவிங் ஆர்மில் ஒட்டிக்கொண்டது. இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும். ஆனால் சூட்டில் அது இரும்பைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும், அதனால் சுவிங் ஆர்மைச் சுற்றி மட்டும் சூடாக்கினேன். நட்டை ஆக்சில் முனைக்குச் சமமாகத் திருகி வைத்து, மரைக்கு அடி படாமல், பித்தளைத் துண்டை வைத்துத் தட்டினேன். வெளியே வந்தபோது ஆக்சில் முழுக்க வெள்ளைப் பொடி. துரு ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று மகள்தான் கேட்டாள். அது அலுமினியம் அரித்த பொடி என்று சொன்னேன். அவளே கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கிரீஸ் தடவி உள்ளே விட்டாள்.

நட்டு வந்ததும், ஸ்ப்ராக்கெட் பொருந்தி உட்காரும் ஷாஃப்ட்டின் வரிப்பற்களைப் பார்த்து எனக்கு எழுது. தேய்ந்திருந்தால் புது ஸ்ப்ராக்கெட்டும் ஆடும். செயினையும் பின் ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்றிவிடு. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்