ஃபார்மேட் போடறதுக்கு முன்னாடி மெயில எடுத்தாச்சான்னு கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10 சப்போர்ட் முடிஞ்சதுல இருந்து எங்க வட சென்னை பக்கம் தம்புச்செட்டி தெரு, லிங்கிச்செட்டி தெரு, மண்ணடி, அந்தாண்ட ராயபுரம் வரைக்கும் ஹார்பர் சரக்குக்கு சுங்க வேல பாக்கற சின்னச் சின்ன கிளியரிங் ஆபீஸ், டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல பழைய கம்ப்யூட்டர தூக்கிட்டு புதுசு வாங்கிட்டு இருக்காங்க. வாங்கட்டும், வாங்க வேண்டியதுதான். ஆனா பழசுல இருக்கிற மெயில் என்னாகுதுன்னு கேக்க ஆளில்ல, அதுக்குத்தான் இந்த கடிதம், தயவுசெஞ்சு சுருக்காம போடுங்க.

ஹார்பர நம்பி பொழைக்கிற ஆபீஸ்ல பார்ட்டி அனுப்பின இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல் (கப்பல் சரக்கு ரசீது) காப்பி, டெலிவரி ஆர்டர் எல்லாமே மெயில்லதான் கெடக்கு, பிரிண்ட் எடுத்து ஃபைல் போடற பழக்கமெல்லாம் எப்பவோ போச்சு. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கு வழக்க, வருஷாந்திர ரிட்டர்ன் தாக்கல் பண்ண வேண்டிய கடைசி தேதியில இருந்து 72 மாசம் வெச்சிருக்கணும். நடுவுல ஒரு நோட்டீஸ் வந்தா எங்க போய் தேடறது?

இங்க நெறைய ஆபீஸ்ல மெயில் இன்னும் பாப் முறையிலதான் ஓடுது. பாப்னா மெயில் கம்பெனியோட சர்வர்ல வர்ற மெயில கம்ப்யூட்டருக்கு இறக்கிடும், சர்வர்லயும் ஒரு காப்பி இருக்கட்டும்னு செட்டிங்ல சொல்லி வெக்கலன்னா அங்க அழிச்சிடும். அப்புறம் அத்தனை வருஷ மெயிலும் அந்த ஒத்த ஹார்ட் டிஸ்க்லதான். எனக்கு தெரிஞ்ச ஒரு ஆபீஸ்ல சர்வீஸுக்கு வந்தவர் டெஸ்க்டாப் ஃபைல், டாலி டேட்டா எல்லாத்தையும் பத்திரமா எடுத்துட்டு அவுட்லுக்குங்கிற மெயில் சாஃப்ட்வேர் மெயிலெல்லாம் சேத்து வெக்கிற பி.எஸ்.டி ஃபைல மட்டும் விட்டுட்டு, டிஸ்க்ல இருக்கிறத அழிச்சு ஃபார்மேட் போட்டுட்டார், கேட்டதுக்கு மெயில்தான் நெட்ல இருக்குமே சார்னு சொன்னார். நெட்ல ஒண்ணுமில்ல. அங்க வேல பாக்கற அக்கா ஒவ்வொரு பார்ட்டிக்கா போன் போட்டு பழைய இன்வாய்ஸ திரும்ப அனுப்புங்கன்னு கெஞ்சிட்டு இருந்தாங்க, பாக்கவே மனசு கஷ்டமா போச்சு. இதுல அந்த அக்கா பண்ண தப்பு என்ன?

புது மெஷின்ல ஐமேப் முறையில போடுங்க, மெயில் சர்வர்லயே இருக்கும், போன்லயும் கம்ப்யூட்டர்லயும் ஒரே மாதிரி தெரியும். அவுட்லுக்குக்கு காசு கட்ட முடியாதவங்களுக்கு மொசில்லாவோட தண்டர்பேர்ட்ங்கிற மெயில் சாஃப்ட்வேர் இலவசமா கெடைக்குது. மெயில் ஐடி குடுத்தா பெரும்பாலும் செட்டிங்க அதுவே தேடிக்கும், சொந்த டொமைன் மெயிலா இருந்தா சில நேரம் நாமளே போடணும், போர்ட்னு கேக்கற எடத்துல மெயில் உள்ள வர்றதுக்கு 993, வெளிய அனுப்ப 465 இல்லன்னா 587. ஜிமெயிலுக்கு கூகுள் லாகின் பக்கம் திறக்கும், அதுல அனுமதி குடுத்தா முடிஞ்சுது.

கஷ்டம் பழைய மெயில கொண்டு வர்றதுலதான். பி.எஸ்.டி ஃபைல மட்டும் காப்பி பண்ணி கொண்டு வந்தா தண்டர்பேர்ட் அத நேரா திறக்காது, அதே மெஷின்ல அவுட்லுக்கும் இருந்தாத்தான் இம்போர்ட் ஆகும். அதனால பழைய கம்ப்யூட்டர் உயிரோட இருக்கும்போதே அதுல இருக்கிற அவுட்லுக்ல அதே அக்கவுண்ட ஐமேப்பா இன்னொரு தடவ சேர்த்து, பழைய ஃபோல்டர்ங்கள அதுக்குள்ள இழுத்து காப்பி பண்ணிடணும், நெட் ஸ்பீட பொறுத்து ராத்திரி பூரா கூட ஓடும், ஓடட்டும். புது மெஷின்ல அத்தனையும் தெரியுதான்னு ஃபோல்டர் ஃபோல்டரா எண்ணிக்கைய ஒத்துப் பாக்கணும், அட்டாச்மென்ட் நாலஞ்சு திறந்து பாக்கணும். அதுக்கப்புறம்தான் ஃபார்மேட்.

இடத்தையும் பாத்துக்கணும், ஜிமெயில் சும்மா குடுக்கிறது 15 ஜிபி, டிரைவும் போட்டோஸும் அதுலயே அடங்கும், நெறஞ்சு போச்சுன்னா புது மெயில் வராது. அதோட ஐமேப்ல இருக்கேன்னு நிம்மதியாவும் இருந்துட கூடாது, ஒரு எடத்துல டெலிட் பண்ணா எல்லா எடத்துலயும் போயிடும். தண்டர்பேர்ட்ல லோக்கல் ஃபோல்டர்ஸ்னு இருக்கு, ஒவ்வொரு நிதியாண்டு முடிஞ்சதும் அந்த வருஷ மெயில அதுல காப்பி பண்ணி, தண்டர்பேர்ட மூடிட்டு மெயிலெல்லாம் இருக்கிற அதோட புரொஃபைல் ஃபோல்டர எக்ஸ்டர்னல் டிஸ்க்ல எடுத்து ஆபீஸுக்கு வெளிய வெக்கணும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ வட சென்னையில எத்தன தெருவுல தண்ணி நின்னுதுன்னு நாம எல்லாரும் பாத்தோம், சிபியு தரையிலதான வெக்கறாங்க.

சர்வீஸ் கடைக்காரங்களுக்கும், வாடிக்கையாளருக்காக அவங்கள கேக்க வேண்டிய வியாபாரிங்க சங்கத்துக்கும் என் கோரிக்கை இதான். மெயில் எடுத்து சரிபாத்தாச்சுன்னு சர்வீஸ் பில்லுலயே ஒரு வரி சேருங்க, ஓனரோ மெயில் பாக்கற ஸ்டாஃபோ கையெழுத்து போட்ட பிறகு ஃபார்மேட் போடுங்க. அக்கவுண்டுக்கு ரெக்கவரி நம்பரா சர்வீஸ் பையனோட நம்பர போடாம ஓனர் நம்பரையே போடுங்க. பழைய ஹார்ட் டிஸ்க எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துட்டு போகாம அந்த ஆபீஸ்லயே விட்டுட்டு வாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தண்டையார்பேட்டை