சங்கக் காசு 31ஆம் நாளோடு முடியக் கூடாது

யாழ்ப்பாணத்து மரணசகாய சங்கங்களுக்கும் வெளிநாடுகளிலுள்ள ஊர் ஒன்றியங்களுக்கும் வணக்கம்.

உழைத்துக்கொண்டிருந்தவர் கடனோடு கண்ணை மூடினால், செத்தவீடு தொடங்கி 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை வரை ஊரே கூட நிற்கிறது. பந்தல், சாப்பாடு, கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம், கிரியைக்குக் கீரிமலைக் கடற்கரைக்குப் போக வாகனம் எதிலும் குறை இருக்காது. கடன்காரர் படலையடிக்கு வருவது அதற்குப் பிறகுதான். அந்த நேரத்தில் சங்கத்திடம் அந்தக் குடும்பத்துக்கென்று ஒரு சதமும் மிச்சமிராது. கூடக் கொடுக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. கொடுப்பதைப் பிரித்துக் கொடுங்கள்.

முதலில் கடதாசி வேலை. மரணச் சான்றிதழில் பத்துப் பிரதியாவது எடுத்துக் கொடுங்கள். வங்கி, சேமலாப நிதி, காப்புறுதி, லீசிங் என்று ஒவ்வொரு இடமும் ஒன்று கேட்கும். பெயரில் ஓரெழுத்து அடையாள அட்டையோடு ஒத்துவராவிட்டாலும் எல்லாம் இழுபடும். பதிவுக்குப் போகிறவர் அட்டையைக் கையோடு கொண்டுபோகட்டும்.

அடுத்தது கடன். கணக்குத் தெரிந்த ஒருவரை அனுப்பி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுவியுங்கள்: யாரிடம், எவ்வளவு, எந்தக் கிழமை கட்ட வேண்டும், பிணைக்குக் கையெழுத்து வைத்தது யார். இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். இறந்தவரின் கடன் அவர் விட்டுப்போன சொத்திலிருந்து தீர வேண்டியது. மனைவி கூட்டாகவோ பிணையாகவோ கையெழுத்து வைத்திருந்தால்தான் அது அவரைத் தனிப்படத் தொடரும். ஓட்டோ லீசிங் என்றால், அடுத்த கட்டுக்காசைக் கட்டுமுன் அந்தக் கடனுக்கு மரணக் காப்புறுதி இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பயத்தில் வண்டியைக் கொண்டுபோய் ஒப்படைத்தால் அது ஏலத்தில் குறைந்த விலைக்குப் போகும், மீதி நிலுவை திரும்பவும் வீட்டுக்கே வரும்.

பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுத்துக் கிழமைக்குக் கிழமை கட்டும் கடனின் கணக்கை ஒருக்கால் போட்டுப் பாருங்கள். 50,000 ரூபாய், நூற்றுக்கு 24 வட்டி, 52 கிழமை. கட்ட வேண்டியது 62,000, கிழமைக்கு ஏறத்தாழ 1,192. பாதி முதல் கட்டி முடிந்த பிறகும் வட்டி முழு 50,000க்குத்தான் ஓடுகிறது, ஆகவே உண்மை வட்டி 40 வீதத்தைத் தாண்டும். ஒரு கிழமை தவறினால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் கட்ட வேண்டும். அந்த வெட்கத்துக்குப் பயந்துதான் இரண்டாவது கடன் எடுக்கப்படுகிறது, குடும்பம் உடைவது அங்கேதான். தவணையை நீட்டித் தரும்படி கடிதம் எழுதி, அந்தப் பெண்ணோடு கூடப் போங்கள். அவரைத் தனியே அனுப்பாதீர்கள். "ஈடுதான், பிறகு திருப்பி எழுதித் தருவம்" என்று சொல்லி அறுதி உறுதியில், அதாவது சொத்தை முழுதாக விற்றெழுதும் பத்திரத்தில், கையெழுத்துக் கேட்டால், வேறொரு சட்டத்தரணி வாசித்துப் பார்க்கும்வரை பேனையைத் தொட விடாதீர்கள்.

வாழ்வாதாரம் என்று கோழிக்குஞ்சு கொடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருநாள் குஞ்சு 50 கொடுத்தால் முட்டை வர 18 முதல் 20 கிழமை செல்லும். அதற்குள் ஒரு குஞ்சு ஏழு கிலோவளவு தீன் தின்னும், ஐம்பதுக்கும் 350 கிலோ. தீன் வாங்கக் காசில்லாத வீட்டில் அவை மூன்றாம் மாதமே கறிக்குப் போய்விடும். "குடுத்தும் முன்னேறேல்லை" என்ற பேச்சு மட்டும் அந்தத் தாயின் தலையில் மிஞ்சும். 20 கோழி போதும். 16 கிழமை தாண்டிய, தடுப்பூசி போட்ட கோழிகளாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு மாதத் தீனுக்கு 130 கிலோவும், மரநாய் புகாத வலைக்கூடும் சேர்த்துக் கொடுங்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுங்கள்: மரண உதவித் தொகையில் அரைவாசி அந்தியேட்டிக்குப் பிறகு, ஆறு மாதம், மாதாமாதம் அந்தத் தாயின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். கையளிக்கும் படம் எடுத்து முகநூலில் போட வேண்டாம். அந்தப் பிள்ளைகள் நாளைக்கும் அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போகப்போகிறார்கள்.