ட்ரோன் பிறகு வரட்டும், முதலில் ஒத்திகை

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் குறும்படம் எடுக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு,

வணக்கம். உங்கள் படங்களை விருப்பத்தோடு பார்க்கிறவன் நான். வெளிநாட்டுக் காசை எதிர்பார்த்திருக்கும் வீடு, காணி பிரிக்கையில் முகம் திருப்பும் சகோதரங்கள் என்று அனேகமாகக் குடும்பக் கதைகள். கதை எளிமையாக இருப்பது குறையே இல்லை. ஆனால் கையிலுள்ள கொஞ்சக் காசும் கமரா வாடகைக்கும் ட்ரோனுக்கும் போய்விடுகிறது. நடிக்கிறவருக்கு வசனம் படப்பிடிப்பன்று காலையில்தான் கைக்கு வருகிறது. அதுதான் எனக்கு மனவருத்தம்.

வங்காள இயக்குநர் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) காசில்லாமல் நின்று நின்று எடுத்த படம். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அதற்கு முன் சினிமாக் கமராவை இயக்கியதே இல்லை. அதில் முதிய உறவுக்காரியாக வரும் சுனிபாலா தேவி, வயதுபோன பழைய மேடை நடிகை. அவர் விரலை வழித்துச் சாப்பிடுவதையும், கோபித்துக்கொண்டு மூட்டையோடு வீட்டைவிட்டு இறங்கும் நடையையும் பாருங்கள். அந்த வீட்டின் இல்லாமை முழுவதும் தெரிந்துவிடும்.

எங்களிடம் அப்படி ஆட்கள் இல்லையா? காத்தவராயன் கூத்தில் தாயும் மகனும் வாதாடும்போது ஊரே விழித்திருக்கிறதே! அந்தக் கூத்தைப் பழக்கி ஆடும் அண்ணாவிமாரிடம் போங்கள். ஒன்று மட்டும் கவனம். கடைசிப் பாயில் இருப்பவருக்கும் எட்டவேண்டுமென்று குரலையும் கையையும் விரித்துப் பழகியவர்கள் அவர்கள். கமராவோ முகத்துக்குக் கிட்ட நிற்கிறது. அந்த வலுவைக் கண்ணுக்குள் அடக்க நாள் எடுக்கும். காட்சி நடக்கும் அடுப்படியிலேயே, கமரா இல்லாமல், இரண்டு கிழமையாவது ஒத்திகை பாருங்கள். அரிசி புடைக்கிற கை தன்பாட்டில் ஓடவேண்டும். வசனமும் அவர்கள் வாயில் வருகிற மாதிரியே வரட்டும். வன்னித் தாய் சென்னைப் பட அம்மாபோலப் பேசினால் யார் நம்புவார்கள்?

காணாமற்போன பிள்ளையைப் பற்றி எங்கள் தாய்மார் எப்போதும் கதறிக்கொண்டு சொல்வதில்லை. தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே சொல்லிமுடிப்பார்கள். கேட்கிற எங்களுக்குத்தான் தொண்டை அடைக்கும். படத்தில் மட்டும் ஏன் எல்லோரும் கதறுகிறார்கள்? அந்த இடத்தில் வயலினும் வேண்டாம். முகத்தை வெட்டாமல் விடுங்கள். குரலையும் அங்கேயே பதியுங்கள், டப்பிங்கில் அந்த மூச்சு திரும்ப வராது. செலவழிப்பதென்றால் நல்ல மைக்குக்குச் செலவழியுங்கள்.

சரி, அடுத்த படத்துக்குக் கணக்கு எழுதும்போது ஒத்திகைக்கு வருகிறவர்களின் பஸ் காசையும் மத்தியானச் சாப்பாட்டையும் முதல் வரியில் போடுங்கள். கூலி வேலையை விட்டுவிட்டு வருகிறவருக்கு அன்றைய நாட்சம்பளத்தையும் சேர்த்து.

அன்புடன்,
உங்கள் பார்வையாளர் ஒருவர்